பொத்தான் அமுக்குநர், தற்காலிகம்

மாநிலக் கடலோர எச்சரிக்கைக் கழகம் அடையாறில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தது. வாசலில் ஒரு கரும்பலகை. 'நமது கணினி கடந்த இத்தனை நாட்களாக இடைநிற்றலின்றி இயங்கி வருகிறது' என்று பெயின்ட்டில் எழுதி, எண்ணுக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். தினமும் காலையில் பியூன் ஈரத்துணியால் பழைய எண்ணைத் துடைத்துவிட்டு சாக்பீஸால் புது எண்ணை எழுதுவார். தொண்ணூற்றேழு பிப்ரவரியில் நான் போய்ச் சேர்ந்த அன்று அந்த எண் மூன்று. மறுநாள் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை ஒழிப்பதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

என் பெயர் சுப்பராமன். மயிலாப்பூர், கச்சேரி ரோடு. கம்ப்யூட்டருக்குள் யார் கண்ணிலும் படாத அடிமட்ட புரோகிராம்களை எழுதுவதும், மற்றவர்கள் எழுதிக் கெடுத்ததைச் சரி செய்வதும் என் பிழைப்பு. கழகத்தில் எனக்கு ஒரு வருஷ ஒப்பந்தம். பாத்ரூம் சாவி கொடுப்பதற்கே மூன்று வாரம் எடுத்துக்கொண்டார்கள் என்பதை இங்கே சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்காது.

கழகத்தின் வேலை ஒன்றே ஒன்றுதான். வானிலை அலுவலகத்திலிருந்து கம்பி வழியாகக் காற்றுச் சேதி வரும். காற்று மோசம் என்றால் கம்ப்யூட்டர் உடனே கரையோரக் குப்பங்களில் கம்பத்தின் மேல் வைத்திருக்கும் சைரன்களை அலறவிடும். இரண்டு மைல் உள்ளே இருக்கிற கட்டுமரத்துக்கும் கேட்கும், திரும்பிவிடுவார்கள். முன்பெல்லாம் ஒரு மனுஷர் உட்கார்ந்து கையால் சைரனைப் போட்டுக்கொண்டிருந்தார். நவீனமயம் வந்ததும் அவருக்கு ஒரு சால்வையைப் போர்த்தி அனுப்பிவிட்டு, கைப்பிடியைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள்.

கம்ப்யூட்டர் நடுவில் உறைந்து போனால்? அதற்காக உள்ளே ஒரு அட்டை உண்டு. வாட்ச்டாக் டைமர் என்று பெயர். அறுபது விநாடிக்குள் யாராவது அதைத் தட்டி 'உயிரோடுதான் இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சத்தமில்லாவிட்டால் அட்டையே கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி கிளப்பிவிடும். ஐந்தே நிமிஷம், எல்லாம் பழையபடி ஓடும். அந்தக் கட்டடத்தில் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது அந்த அட்டை ஒன்றுதான்.

அதைத் தட்டும் பொறுப்பு இரண்டு புரோகிராம்களுக்கு. ஒன்று காற்றுச் சேதி வாங்குவது, மற்றது சைரன் ஊதுவது. தட்டுவதற்கு முன் இரண்டு லாக்குகளை, அதாவது ஒரு சமயத்தில் ஒருவர் மட்டுமே வைத்திருக்கக்கூடிய அனுமதிகளை, கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அட்டைக்கு ஒன்று, குறிப்பு எழுதும் ஏட்டுக்கு ஒன்று. காற்று புரோகிராம் முதலில் அட்டையைப் பிடித்துக்கொண்டு ஏட்டைக் கேட்கும். சைரன் புரோகிராம் முதலில் ஏட்டைப் பிடித்துக்கொண்டு அட்டையைக் கேட்கும். கல்யாணப் பந்தியில் ஒருத்தர் சாம்பார் வாளியோடும் இன்னொருத்தர் கரண்டியோடும் நின்றுகொண்டு, நீ முதலில் கொடு என்று முறைத்துக்கொண்டால் எப்படி? இலை காய்ந்து கிடக்கும். இங்கேயும் அதுதான். இரண்டும் நின்றுவிடும், தட்ட ஆளில்லை, அட்டை கம்ப்யூட்டரைத் திருப்பிக் கிளப்பும், பலகையில் பூஜ்யம் விழும்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு மாதம் ஆனது. மூளைக் கோளாறு அல்ல. மூல புரோகிராம் இருந்த ஒரே ஃபிளாப்பிக்கு முந்தின வருஷ ஆயுத பூஜையில் சந்தனம் குங்குமம் வைத்து, பக்தி மிகுதியில் தகட்டை விலக்கி உள்ளேயும் தடவியிருந்தார்கள். ஆயிரத்து முந்நூறு வரியையும் பழைய அச்சுத்தாளைப் பார்த்து நானே தட்டெழுதினேன். பிறகு, உறைந்த நிலையிலேயே கம்ப்யூட்டரைப் பிடித்து வைத்து எது எதை வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. அட்டை அறுபது விநாடியில் எல்லாவற்றையும் கலைத்துவிடுமே! ரிச்சி தெருவில் ஒரு காலிங் பெல் பொத்தானை வாங்கி வந்து அட்டையில் இணைத்தேன். அதை அமுக்கினால் அட்டைக்கு 'உயிரோடு இருக்கிறேன்' என்று சேதி போகும். உள்ளே பிணம் கிடந்தாலும் போகும். அந்தப் பொத்தானை வைத்த பாவி நான்தான்.

திருத்தம் நாலே வரி. இரண்டு புரோகிராம்களும் ஒரே வரிசையில் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். தொழில்நுட்பப் பரிசீலனைக் குழு கூடியது. மேலாண்மை இயக்குநர் வேதாந்தம் தலைமை. பணியமைப்புப் பிரிவின் ஹபீபுர் ரஹ்மான் உறுப்பினர். நான் வாளியையும் கரண்டியையும் சொல்லி விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"எல்லாம் சரி, எந்தப் புரோகிராம் தன்னோட வழக்கத்தை மாத்திக்கணும்?" என்று கேட்டார் வேதாந்தம்.

"எது வேணாலும் மாத்திக்கலாம் சார். ஒண்ணு மாறினா போதும்."

"அப்படி மொட்டையாச் சொல்லக் கூடாது. சீனியர் எது?"

ரஹ்மான் கோப்பைப் புரட்டினார். "சைரன் தொண்ணூத்திரெண்டு ஜூலையில சேர்ந்திருக்கு. காத்து தொண்ணூத்திநாலு. சீனியரை வழக்கத்தை மாத்திக்கன்னு சொல்ல முடியாது. ஜூனியரை மட்டும் மாத்தச் சொன்னா பாரபட்சம்னு கோர்ட்டுக்குப் போகலாம்."

"சார், அது புரோகிராம். கோர்ட்டுக்குப் போகாது."

"எழுதினவர் போகலாமே?" என்றார் அவர் வருத்தத்தோடு. நல்ல மனிதர்தான்.

மூன்று கூட்டங்களுக்குப் பிறகு தீர்மானம் வந்தது. 'இரு புரோகிராம்களும் சம அந்தஸ்துடையவை. எனவே எதற்கும் பாதகமின்றி, அவையவை தற்போது பின்பற்றும் வரிசையையே தொடர்ந்து பின்பற்றலாம்.' அதாவது நோயை அப்படியே எழுதி, அதற்குக் கீழே கையெழுத்தும் போட்டிருந்தார்கள். நான் அதை நாலு தடவை படித்தேன்.

அந்த வாரம் வேதாந்தம் கம்ப்யூட்டர் அறைக்கு வந்தார். மேஜை மேல் பொத்தானைப் பார்த்துவிட்டு நின்றார்.

"என்னங்காணும், இங்க எதுக்கு காலிங் பெல்?"

"சோதனைக்கு சார். நாற்பது விநாடிக்கு ஒரு தரம் இதை அமுக்கினா அட்டை கம்ப்யூட்டரைத் திருப்பிக் கிளப்பாது. உறைஞ்சபடியே வெச்சிருக்கலாம்."

"திருப்பிக் கிளம்பலைன்னா பலகையில பூஜ்யம் வராதோ?"

"வராது. ஆனா சைரனும் வராது."

"பூஜ்யம் வராதுன்னேளே, அதோட நிறுத்திக்கோங்கோ."

"சார், கம்ப்யூட்டர் நின்னுபோயிருக்கும்."

"நின்னுபோச்சுன்னு யாருக்குத் தெரியும் ஓய்? திரும்ப எழுந்திருந்தாத்தானே நடுவுல நின்னுதுன்னு தெரியறது? எழுந்திருக்கவே இல்லேன்னா நிக்கவே இல்லேன்னுதானே அர்த்தம்?"

பதினைந்து நாளில் பொத்தான் அமுக்குநர் என்று மூன்று தற்காலிகப் பதவிகள் உருவாயின, ஷிப்டுக்கு ஒருவர். தகுதி: எட்டாம் வகுப்பு, வலது கட்டைவிரலுக்கு அரசு மருத்துவரின் சான்று. தன் ஷிப்டில் ஒரு மீளியக்கமும், அதாவது ரீஸ்டார்ட்டும், இல்லாமல் நூற்றிருபது நாள் முடித்தால் நிரந்தரம். மாதத்தின் முதல் சனிக்கிழமை பராமரிப்புக்காக கம்ப்யூட்டரை அணைத்துப் போடலாம், அது அனுமதி பெற்ற நிறுத்தம் என்பதால் கணக்கில் வராது. ஆக, சனிக்கிழமை உயிர் பெறும், பத்து பதினைந்து நாளில் உறையும், அடுத்த சனிக்கிழமை வரைக்கும் சத்தமில்லாமல் கிடக்கும். யாராவது அணைத்துத் தொலைக்கப் போகிறார்கள் என்று மின்சார ஸ்விட்சை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை வேதாந்தமே வைத்துக்கொண்டார்.

ஜூலை பத்தாம் தேதி ரிப்பன் வெட்டித் தொடங்கி வைத்தார்கள். "நாமெல்லாரும் கண் அசந்தாலும் ஒரு கட்டைவிரல் அசராது. அந்த விரல் இருக்கற வரைக்கும் இந்த மிஷினுக்கு உயிர் இருக்கும்" என்று வேதாந்தம் பேசினார். கைதட்டல் ஓய இரண்டு நிமிஷம் ஆனது. அந்த இரண்டு நிமிஷமும் அமுக்க ஆளில்லை என்று எனக்கு மட்டும் உறைத்தது. நல்லவேளையாக அன்றைக்கு கம்ப்யூட்டர் உயிரோடு இருந்தது.

பகல் ஷிப்டு கங்காதரனுக்கு. பட்டினப்பாக்கம், சீனிவாசபுரத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். மூன்று வருஷம் முன்னால் அலையில் கட்டுமரம் கவிழ்ந்து இடது தோள் போய்விட்டது, கை மேலே வராது. துடுப்புப் போட முடியாமல் உட்கார்ந்திருந்தவரையும் அவர் பெண்டாட்டி பிள்ளைகளையும் அண்ணன் எல்லப்பன்தான் சோறு போட்டுக் காப்பாற்றினார். இந்த வேலை நிரந்தரமானால் அண்ணன் பாரம் இறங்கும். கங்காதரன் பொத்தானை அமுக்குகிற அழகைப் பார்க்க வேண்டும். உதடு அசைய எண்ணிக்கொண்டே வந்து, நாற்பதில் கண்ணை மூடிக்கொண்டு அமுக்குவார். சாப்பிடும்போதும் வலது கை பொத்தானுக்கு, இடது கை சோற்றுக்கு என்று தொடை மேல் டப்பாவை வைத்துக் குனிந்து சாப்பிடுவார்.

"முன்னெல்லாம் அண்ணன் மூணு மணிக்கு எய்ந்து தண்ணியப் பாக்கும், வானத்தப் பாக்கும், மண்ணத் தூக்கிப் போட்டுக் காத்தப் பாக்கும் சார்" என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னார். "இப்ப அதெல்லாம் இன்னாத்துக்கு? 'எந்தம்பி அங்க குந்திக்கினு கீறான், ஏதாச்சும்னா சைரன் அடிக்கும்'னு மரத்தத் தள்ளிக்கினு போய்க்கினே கீது."

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். 'நீங்கள் அமுக்குவது உயிர் காப்பதற்கு அல்ல, பிணம் எழுந்திருக்காமல் இருப்பதற்கு' என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்று வருஷம் கழித்து வேலைக்கு வந்த மனுஷரிடம் அதை எந்த வாயால் சொல்வது? இயக்குநருக்கு எழுதினேன், பதில் இல்லை. மறுபடி எழுதினேன், பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது.

அக்டோபர் பதினேழு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டர் உறைந்திருப்பதைப் பார்த்தேன். திரையில் எண்கள் அப்படியே நின்றன. கடிகாரம் ஓடியது, விளக்கு மின்னியது, வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஒரு குறையும் தெரியாது. குறிப்பு எழுதிக் கொடுத்தேன். 'நவம்பர் முதல் சனிக்கிழமைப் பராமரிப்பில் கவனிக்கப்படும்' என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார்கள். வானம் நிர்மலமாக இருந்தது. நானும் வீட்டுக்குப் போய்விட்டேன். அதற்கு எனக்கு மன்னிப்பே கிடையாது.

திங்கட்கிழமை காலை லஸ்ஸில் பஸ் ஏறும்போதே குடை மடங்கிப் போயிற்று. அடையாறு பாலத்தில் பஸ் ஒரு பக்கமாகத் தள்ளாடியது. கிழக்கே வானம் அடுப்புக்கரியாக இருந்தது. முகத்துவாரத்தில் தண்ணீர் எம்பி எம்பி விழுந்தது. சைரன் சத்தம் மட்டும் இல்லை. படியேறி ஓடினேன். கங்காதரன் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தார், முகமெல்லாம் வியர்வை.

"அண்ணன் எங்கே?"

"மூணு மணிக்கே பூட்டாரு சார். காத்து ஜாஸ்தியா கீதே, அதான் நாப்பதுக்கு ஒண்ணுன்னு இல்லாம பத்துக்கு ஒண்ணு போட்டுக்கினு கீறேன். அண்ணன் உள்ள கீது பாரு."

"கங்காதரன், கையை எடுங்க. மிஷின் வெள்ளிக்கிழமையே செத்துப்போச்சு. நீங்க அமுக்கறதாலதான் அது எழுந்திருக்க மாட்டேங்குது. ஒரு நிமிஷம் விட்டா தானா எழுந்து சைரனைப் போடும்."

"இன்னா சார் சொல்ற? நான் உட்டா உசுரு பூடும்னு பெரியவரு மேடையிலயே சொன்னாரே."

"அவர் சொன்னது தப்பு."

"அவரு எம்.டி. சார்!" ஒன்பது, பத்து, கட்டைவிரல் இறங்கியது. "இன்னிக்கு நூத்திமூணாவது நாளு. அத்த உடு. எங்கண்ணன் கடல்ல கீது, இப்ப போயி கைய எடுக்கச் சொல்றியே, நீயெல்லாம் மனுசனா?"

ஸ்விட்ச் பெட்டி பூட்டியிருந்தது, பொத்தானின் கம்பியையும் இரும்புக் குழாய்க்குள் அடைத்திருந்தார்கள். வேதாந்தம் பத்தரைக்குத்தான் வருவார். விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. கங்காதரனின் வலது மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து மேஜையை விட்டு இழுத்தேன். நான் வாழ்க்கையில் யாரோடும் கைகலந்தவன் இல்லை. கடலில் வளர்ந்த கை, இரும்பு. இடது கை மேலே வராததால் தப்பினேன். முழங்கையால் அமுக்கப் பார்த்தார், என் இடுப்பை நடுவில் வைத்தேன். குனிந்து மோவாயால் அமுக்கப் பார்த்தார், நாற்காலியோடு பின்னால் சாய்த்தேன். இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். "ஐயோ, அண்ணன் பூடும் சார்! உடு சார்! உன் கால்ல வியறேன் சார்!" என்று அந்த மனுஷர் கதறினார். அறுபது விநாடி எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பீப் என்றது. திரை இருண்டது. கங்காதரன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவரைப் பொறுத்தவரை அண்ணனை நான்தான் கொன்றேன். ஐந்து நிமிஷம் திரையில் எழுத்துக்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. பத்து இருபத்துநாலுக்கு ஜன்னலுக்கு வெளியே கிழக்கிலிருந்து சைரன் கேட்டது. ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு கரை முழுக்க. கங்காதரன் அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தார். அப்போது வேதாந்தம் உள்ளே வந்தார், சைரனைக் காதில் வாங்காமல் நேரே பொத்தானைப் பார்த்தார்.

"ரீஸ்டார்ட் ஆயிடுத்தா?" என்றார்.

பன்னிரண்டு மணிக்குள் பத்தொன்பது கட்டுமரங்கள் கரை சேர்ந்தன. எல்லப்பன் கடைசி. இன்னும் அரை மணி போயிருந்தால் வந்திருக்க மாட்டேன் என்று அவரே சொன்னாராம்.

அடுத்த வாரம் ஆழ்வார்பேட்டையில் துறைத் தலைமை அலுவலகத்தில் விசாரணை. வேதாந்தம் எழுந்து பேசினார். "காத்து, மழை, புயல் எல்லாம் பகவான் செயல். அதுக்கு இந்தக் கழகம் பொறுப்பில்லே. ஆனா ரீஸ்டார்ட் மனுஷன் செயல். நூத்தியிரண்டு நாள் நாம கட்டிக் காத்த ஒண்ணை ஒரு தனிமனுஷர், கேவலம் ஒரு புயலுக்காக, ஒரே நிமிஷத்துல நாசம் பண்ணிட்டார்."

ரஹ்மான் தயங்கினார். "சார், சைரன் ஒலிச்சு பத்தொன்பது மரம் திரும்பியிருக்கு. அதை எங்கே எழுதறது?"

"சாதனைகள்ங்கற தலைப்புல எழுதுங்கோ, கழகத்தோட சாதனை. ரீஸ்டார்ட்டை சுப்பராமன் பேர்ல எழுதுங்கோ. ரெண்டும் ஒரே பக்கத்துல வர வேண்டாம்."

கங்காதரனைக் கூப்பிட்டார்கள். அவராகவே கையை எடுத்திருந்தால் நூற்றிமூன்று நாளும் போச்சு, வேலையும் போச்சு. அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"சார்தான் கைய புடிச்சுக்கினாரு."

"நீயா எடுக்கலையே?"

"இல்ல சார்."

"இனிமேலும் எடுக்க மாட்டியே?"

"மாட்டேன் சார்."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. என் ஒப்பந்தத்தை அன்றைக்கே ரத்து செய்தார்கள்.

நவம்பர் ஏழாம் தேதி சாயங்காலம் கங்காதரன் கச்சேரி ரோட்டுக்கு வந்தார். கூடவே அண்ணி தேசம்மா, எல்லப்பனின் மனைவி. மயிலாப்பூரில் மீன் விற்றுவிட்டு அப்படியே வந்திருந்தார். காலிக் கூடையை வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே வந்து நின்றார். கங்காதரன் என் கையில் நிரந்தர உத்தரவைக் கொடுத்தார். ஏழாவது விதியைப் படித்தேன். 'எக்காரணம் கொண்டும், எவர் சொன்னாலும், பொத்தான் அமுக்குநர் தாமாக விரலை எடுத்தல் கூடாது. எடுத்தால் உடனடிப் பணிநீக்கம்.'

தேசம்மா நேராக விஷயத்துக்கு வந்தார். "அன்னிக்கு நான் கரையிலதான் நின்னேன் சாரு. இவன் கைய எடுத்தப்பாலதான் சைரனு அடிச்சுது. அப்ப இவன் அமுக்கினாத்தான் அடிக்காது, அதானே?"

ஐந்து மாதமாக ஒரு குழுவுக்கு என்னால் புரியவைக்க முடியாதது. "அதேதாம்மா" என்றேன்.

"மிஷினு செத்துக்கினு கீதா, உசுரோட கீதான்னு இவன் எப்படிக் கண்டுபுடிக்கிறது? அத்தச் சொல்லிக் குடு."

யோசித்தேன். உறைந்த திரை எது, சும்மா இருக்கிற திரை எது என்று எனக்கே உள்ளே நோண்டினால்தான் தெரியும். "கடல் மோசமா இருந்து சைரன் அடிக்கலைன்னா செத்துப்போச்சுன்னு அர்த்தம். வேற அடையாளம் கிடையாது."

"சரிதான்! நாங்க வானத்தப் பாத்து மிஷினுக்குச் சொல்லணும், அது திருப்பி எங்களுக்குச் சொல்லும்." அவருக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றுவிட்டது. "இவன் அண்ணங்காரருகிட்ட தலபாடா அடிச்சுக்கினேன், பயயபடி நீயே தண்ணியப் பாத்துட்டுப் போய்யான்னு. கேக்க மாட்டேங்கறாரு. சைரன்தான் எங்க பத்தொம்போது மரத்தையும் காப்பாத்துச்சுன்னு குப்பம் பூரா சொல்லிக்கினு திரியறாரு. இப்பல்லாம் தலையத் தூக்கி வானத்தப் பாக்கறதே இல்ல." பிறகு கங்காதரன் பக்கம் திரும்பினார். "நான் கரையில கீறேன். வானம் கறுத்துச்சுன்னா டெலிபோன் பூத்துலேர்ந்து உன் ஆபீசுக்கு அடிக்கிறேன். நீ கைய எடுத்துடு."

கங்காதரன் உத்தரவை வாங்கி மடித்து சட்டைப்பையில் வைத்தார். கண்ணில் தண்ணீர் தளும்பியது.

"நீ அடிப்ப அண்ணி. நான் எடுக்க மாட்டேன். என்னிய எனக்கே தெரியும். மூணு வருசம் அண்ணன் கைய எதிர்பாத்துக்கினு குந்தினு இருந்தவன். ரெண்டு பொண்ணு கீது. அந்த நேரத்துல என் விரலு தானா வராது." என்னைப் பார்த்தார். "அன்னிக்கு நீ புடிச்ச சார். அடுத்த தபா என் கைய யாரு சார் புடிப்பாங்க?"

கழகத்தின் வாசல்படியை மிதிக்க எனக்கு இனி அனுமதி இல்லை. மழைக்காலம் முடிய இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது.